செட்டிநாட்டு நிலத்துக்குப் புது மினி டிராக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன சித்திரையில் 24 எச்.பி. (குதிரைத்திறன்), நாலு சக்கர இயக்கம் உள்ள மினி டிராக்டர் ஒன்று வாங்கினோம். எங்கள் நிலம் சாக்கோட்டைப் பக்கம். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், மேட்டில் செம்மண் புன்செய், அதை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. வண்டி வந்ததிலிருந்து டீக்கடையில், உரக்கடையில், புதுவயல் அரிசி ஆலை வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதே பேச்சுதான். வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கிறார்கள், வாங்கிவிட்டுக் குழம்புகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, ஓட்டிப் பார்த்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் பதிலாக எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"அண்ணே, எத்தனை எச்.பி. வரைக்கும் மினி டிராக்டர்ங்கிறாங்க?"

சட்டத்தில் கோடு எதுவும் இல்லை. கடைக்காரர்கள் 15 முதல் 30 எச்.பி. வரை உள்ளதை மினி என்கிறார்கள். எச்.பி.யை விட எடையையும் அகலத்தையும் பாருங்கள். 45 எச்.பி. வண்டி கிட்டத்தட்ட 2 டன் வரும். 24 எச்.பி. வண்டி பெரும்பாலும் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். அகலம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். பின்னால் தூக்கும் திறன் சுமார் 750 கிலோ. மஹிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார் இந்த வகைதான். விஎஸ்டி, ஸ்வராஜ், சோனாலிகாவிலும் சின்ன வண்டிகள் உண்டு.

இரண்டு சக்கர இயக்கமா, நாலா என்று அடுத்துக் கேட்பார்கள். தோப்பு வேலை மட்டும் என்றால் இரண்டு போதும். வயலில் இறக்கப்போகிறீர்கள் என்றால் நாலு சக்கர இயக்கம் கட்டாயம் வேண்டும். எடை குறைந்த வண்டிக்குப் பிடிமானம் அங்கிருந்துதான் வருகிறது.

"வாடகைக்குத்தான் வண்டி கிடைக்குதே, சொந்தமா எதுக்குப்பா?"

எல்லாரும் கேட்பது இது. என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நம் செம்மண்ணுக்கு உழவுப் பதம் ரொம்பக் குறுகியது. மழை பெய்து மறுநாள் இறங்கினால் கலப்பையில் அப்பும். சுள்ளென்று வெயில் அடித்து நாலைந்து நாள் போனால் மேல்மண் ஓடு மாதிரி இறுகிப்போகும். சரளை கலந்த மேட்டு நிலம் இன்னும் சீக்கிரம் காயும். நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று நாள். ஊரில் எல்லாருக்கும் அதே இரண்டு மூன்று நாள்தான். வாடகை வண்டிக்காரர் முதலில் பெரிய நிலத்துக்குப் போவார். அதில் தப்பும் இல்லை, அவருக்கு அது பிழைப்பு. நாற்பது சென்ட், அறுபது சென்ட் வைத்திருப்பவர் முறை வரும்போது மண் காய்ந்திருக்கும்.

பதம் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நாலு விரல்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டை பிடித்து, கட்டைவிரலால் லேசாக அமுக்கியதும் பிளந்து உதிர்ந்தால் அதுதான் பதம். விரல் பட்ட இடம் வழவழவென்று பளபளத்துக் கையில் ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் கடந்துவிட்டது. சொந்த வண்டி இருந்தால் காலையில் இப்படிப் பார்த்துவிட்டு அப்போதே இறங்கலாம். கோடை மழைக்குப் பிறகு ஒரு உழவு, ஆவணி புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு ஒரு உழவு, இரண்டும் சரியான நாளில் நடந்துவிட்டால் களையும் குறைகிறது, முளைப்பும் ஒரே சீராக வருகிறது. நான் கொடுத்த பணம் அந்த நாளுக்குத்தான்.

"ஒரு ஏக்கர் உழ எவ்வளவு நேரம் ஆகும்? டீசல் எவ்வளவு குடிக்கும்?"

24 எச்.பி. வண்டிக்கு 4 அடி ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) பொருந்தும். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 3,000 சதுர மீட்டர். திருப்பத்துக்கும், ஒரு சால் மேல் இன்னொரு சால் ஏறுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 2,400. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, ஏக்கருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். குட்டிக் குட்டிச் செய்யாக இருந்தால் திருப்பம் கூடும், இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல், ரோட்டவேட்டர் வேலையில் மணிக்கு 3 லிட்டரை ஒட்டி வரும். கொத்துக் கலப்பை போட்டு லேசாகக் கிளறினால் குறையும். காய்ந்த மண்ணில் ஆழமாகப் போட்டால் கூடும். வண்டி டீசல் குடிக்கிறது என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் பதம் தவறி உழுகிறவர்கள்.

"சாவியைத் திருப்பினா சத்தமே வரலை. புது வண்டியில பேட்டரி போச்சா?"

பெரும்பாலும் இல்லை. கிளட்சை முழுதாக மிதிக்காமலோ, கியர் நியூட்ரலில் இல்லாமலோ, பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) நெம்புகோல் போட்ட நிலையிலோ இருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி பல புது வண்டிகளில் பாதுகாப்பு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் சரிபார்த்துவிட்டு மறுபடி திருப்புங்கள். அந்த ஸ்விட்சைக் கழற்றி நேரடியாகக் கம்பி கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியரில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆகிக் குதிக்கும்போது முன்னால் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

"பிரேக் மிதி ரெண்டு இருக்கே, எதை மிதிக்கிறது?"

வலது மிதி வலது பின் சக்கரத்துக்கு, இடது மிதி இடது சக்கரத்துக்கு. வயல் மூலையில் ஒன்றை மட்டும் மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்த இடத்திலேயே வண்டி திரும்பிவிடும். ரோட்டுக்கு வருவதற்கு முன் இரண்டையும் சேர்க்கும் கொக்கியை மாட்டியே ஆக வேண்டும். மாட்டாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். வயல் விட்டு ஏறியதும் முதல் வேலை கொக்கி.

"வண்டியை எடுத்ததும் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிட்டுப் போய் பூஜை போடலாமா?"

தாராளமாக. நம் பக்கம் புது வண்டி முதலில் போவதே பிள்ளையாரிடம்தான். பதிவு எண்ணும் இன்சூரன்சும் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். மேலே சொன்ன பிரேக் கொக்கி மாட்டியிருக்கட்டும். நாலு சக்கர இயக்கத்தை எடுத்துவிடுங்கள். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடச் சற்று முந்திச் சுற்றும்படிதான் அமைத்திருப்பார்கள். சேற்றில் அது இழுவைக்கு உதவும். தார் ரோட்டில் முன் டயர் தேயும், முன் அச்சின் பல்சக்கரத்துக்கும் வீண் சுமை.

மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். வண்டியில் இருப்பது ஒரே இருக்கை, அது ஓட்டுகிறவருக்கு. குடும்பம் காரில் வரட்டும்.

"முதல் 50 மணி நேரம் மெதுவா ஓட்டணும்னு சொல்றாங்களே, அப்படின்னா?"

மெதுவாக என்பதை விட மாற்றி மாற்றி ஓட்டுவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டக் கூடாது, முழுச் சுமை கொடுத்துத் திணறவிடக் கூடாது, சும்மா நிறுத்தி உறுமவிடவும் கூடாது. லேசான வேலையும் நடுத்தர வேலையும் கலந்து கொடுங்கள். புது இன்ஜினில் உராய்ந்து வரும் இரும்புத் துகள் எல்லாம் எண்ணெயில்தான் சேரும். அதனால்தான் முதல் எண்ணெய் மாற்று 50 மணியிலேயே வந்துவிடுகிறது. அடுத்தது பெரும்பாலான வண்டிகளுக்கு 250 மணியில். எண்ணெய் இன்னும் பளிச்சென்று இருக்கிறதே என்று முதல் மாற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

சக்கர நட்டுகளை முதல் நாள் வேலை முடிந்ததும் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புதிதில் இளகும். கால் ஓய்வெடுக்கிற இடம் கிளட்ச் மிதி இல்லை என்பதை ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"கார் லைசென்ஸ் போதுமா?"

போதும். இலகுரக வாகன லைசென்ஸில் டிராக்டர் ஓட்டலாம். டிரெய்லர் மாட்டினால் அதற்குத் தனியாகப் பதிவும் இன்சூரன்சும் வேண்டும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிப்போய் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

"மானியம் கிடைக்கும்னு சொன்னாங்க. வாங்கிட்டு எழுதிக் கொடுத்தா வருமா?"

வராது. முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதற்கப்புறம்தான் வண்டி. தமிழக அரசின் உழவன் செயலியில் பதிந்துவிட்டு, உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயிச் சான்று எல்லாம் எடுத்துப் போங்கள். சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்குப் பொதுவாக 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு. அந்தந்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்துத்தான் கிடைக்கும். அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலாகவும் இருக்க வேண்டும். டிராக்டருக்கு ஒதுக்கீடு இல்லாத ஆண்டில்கூட ரோட்டவேட்டருக்கு இருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. டயர், உதிரிபாகங்களுக்கு 18 சதவீதத்திலிருந்து 5. பழைய விலைப்பட்டியலைக் காட்டிப் பேசினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

"முதல்ல எந்தக் கருவி வாங்கணும்?"

ரோட்டவேட்டரும் ஐந்து கொத்து உள்ள ஒரு கலப்பையும். இரண்டும் இல்லாமல் வண்டியை மட்டும் வாங்கிவந்து பூட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கடன் போடும்போதே கருவியின் விலையையும் சேர்த்துப் போடுங்கள்.

அளவில் ஆசைப்படாதீர்கள். "அஞ்சடியே மாட்டிக்கலாம், சீக்கிரம் முடியும்" என்று கடையில் சொல்லுவார்கள். ஈரமான வயலில் ஒருவேளை இழுக்கும், சரளை மேட்டில் இன்ஜின் திணறும். கடலை போடுகிறவர்கள் அடுத்து பார் பிடிக்கும் (மண்ணை மேட்டு வரிசையாக அணைக்கும்) கருவி வாங்கலாம். தெளிப்பான், களை வெட்டி எல்லாம் ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு.

"ரோட்டவேட்டர் மாட்டினதுல இருந்து தடதடன்னு அடிக்குது. வண்டி பழுதா?"

முதலில் பி.டி.ஓ. தண்டைப் பாருங்கள். பெரிய வண்டிக்குச் செய்த நீளத்திலேயே தண்டு வரும். சின்ன வண்டியில் டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் இடைவெளி குறைவு. கருவியை ஏற்றி இறக்கும்போது உள்தண்டு வெளிக்குழாயின் அடியில் போய் முட்டும். அப்படியே ஓட்டினால் வண்டியின் பின்பக்க பேரிங் போய்விடும். இன்ஜினை நிறுத்திவிட்டு, கருவியை மெல்ல ஏற்றி இறக்கி, எந்த நிலையில் இடைவெளி மிகக் குறைவு என்று அளந்து, உள்தண்டு, வெளிக்குழாய் இரண்டையும் அதே அளவு அறுக்க வேண்டும். கடைக்காரரை வயலுக்கே வரவழைத்துச் செய்யச் சொல்லுங்கள், அது அவர் வேலைதான்.

தண்டு சரியாக இருந்தும் சத்தம் வந்தால், வரப்பில் திரும்பும்போது சுற்றிக்கொண்டிருக்கும் கருவியை உச்சிவரை தூக்குகிறீர்களா என்று பாருங்கள். மூட்டு அளவுக்கு மீறி மடங்கும்போதுதான் அந்தத் தடதடப்பு. மண்ணை விட்டு எழும்பும் அளவு தூக்கினால் போதும். கத்திகளின் போல்ட் இளகியிருக்கிறதா என்பதையும் தினமும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், நிச்சயமாக இன்ஜினை நிறுத்திவிட்டு.

"ஆடிக் காத்துல உழுதா வண்டி சூடாகுது, புகை கறுப்பா வருது. ஏன்?"

செம்புழுதி. ஆடியில் நம் மேட்டு நிலத்தில் உழுதால் ஓட்டுகிறவரின் புருவம்கூடச் சிவந்துவிடும். வண்டியும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. கறுப்புப் புகைக்குக் காற்று வடிகட்டியைப் பாருங்கள். காகித வகை வடிகட்டியை லேசாகத் தட்டி, உள்ளிருந்து வெளியே குறைந்த அழுத்தத்தில் காற்று அடிக்கலாம். தண்ணீரில் கழுவக் கூடாது. சூட்டுக்கு ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையைப் பாருங்கள். தூசியும் வைக்கோல் துணுக்கும் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். புழுதி நாளில் மதியம் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை தட்டிவிடுங்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக உழுதால், கிளம்பிய புழுதி உங்கள் மேலேயே திரும்பி வராது.

"சீமைக்கருவேல முள் டயரைக் கிழிச்சுடுது. என்ன செய்யலாம்?"

இது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. மரத்தை வெட்டி எடுத்த பிறகும் முள் மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடக்கும், காயக் காய இன்னும் கெட்டியாகும். மினி வண்டியின் முன் டயர் சின்னது, பட்டையும் மெல்லியது. பின் டயரில் பாதி ஏறி நிற்கிற முள் முன் டயரில் முழுதாக இறங்கிவிடும்.

கருவேலம் இருந்த நிலத்தில் முதல் உழவுக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டி, மேலே வரும் வேரையும் முள்ளையும் பொறுக்கி எரித்துவிட்டு, அடுத்த உழவுக்கு நம் வண்டியை இறக்குங்கள். பஞ்சர் திரவம் ஊற்றி வைப்பது சின்ன முள்ளுக்குப் பலன் தருகிறது. முன் டயருக்கு ஒரு டியூப் எப்போதும் கையிருப்பு வேண்டும். சாயந்திரம் டயரைக் கழுவும்போது ஒடிந்து நிற்கும் முள் முனைகளைக் குறடால் பிடுங்கிவிடுங்கள். இன்று காற்று இறங்காத முள் நாளைக்கு ரோட்டில் ஓடும்போது உள்ளே போகும்.

"இந்தச் சின்ன வண்டி தொளி அடிக்குமா?"

அடிக்கும். நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயலைச் சேறாக்கும் வேலையை நன்றாகவே செய்யும். எடை குறைவாக இருப்பதால் பெரிய வண்டி அமிழ்கிற இடத்தில் இது மேலே நிற்கும். பின் சக்கரத்தோடு அரை கேஜ் வீல் (சேற்றில் பிடிமானம் தரும் இரும்புச் சக்கரம்) மாட்டி, நாலு சக்கர இயக்கம் போட்டு, குறைந்த கியரில் போங்கள். தண்ணீர் அச்சின் நடுவுக்கு மேல் வரக் கூடாது. தினமும் வேலை முடிந்ததும் முன் அச்சில் சுற்றிக்கொள்ளும் புல்லையும் நைலான் கயிற்றையும் எடுத்துவிட்டுக் கழுவி, கிரீஸ் அடியுங்கள். அங்கே உள்ள ரப்பர் சீல் கிழிந்தால் சேறு உள்ளே போய் முன் அச்சே பாழாகும். தொளிக்காலத்தில் வரும் பெரிய செலவு இதுதான்.

கண்மாயை ஒட்டிய பள்ளச் செய்களில் உளை (உள்ளே இழுக்கும் ஆழச் சேறு) இருக்கும் இடம் அந்த வயல்காரருக்குத் தெரியும். புது ஓட்டுநர் தானாக இறங்காமல், அவரை வரப்பில் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டு இறங்கட்டும்.

"உளையில சிக்கினா பின் சக்கரத்துல கட்டையைக் கட்டி ஏத்திடலாம்ல?"

கூடாது. தயவுசெய்து கூடாது. ஊரெல்லாம் செய்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கட்டை மண்ணில் ஊன்றியதும் சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும். இன்ஜினின் விசை எங்காவது போயாக வேண்டுமே, அது வண்டியின் உடலைத் தூக்கும். முன்பக்கம் மேலே எழும்பி வண்டி ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. எடை குறைந்த வண்டி இன்னும் சீக்கிரம் எழும்பும்.

செய்ய வேண்டியது இதுதான். சக்கரம் வழுக்க ஆரம்பித்ததுமே நிறுத்துங்கள், சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். கருவியைத் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, வைக்கோலோ தென்னை மட்டையோ போட்டு, டிஃப்ரன்ஷியல் லாக்கை (இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுற்றவைக்கும் பூட்டு) மிதித்து, வந்த வழியே ரிவர்ஸில் எடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இன்னொரு வண்டியால் இழுக்க வேண்டியதுதான். இழுக்கிற வண்டியில் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். மேலே டாப் லிங்க் (கருவியின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் மாட்டினால் அந்த வண்டியும் இதே மாதிரி மல்லாந்துவிடும்.

"வரப்பு ஏறும்போது முன்னால தூக்குது. பயமா இருக்கு."

பயப்பட வேண்டியதுதான், காரணம் மேலே சொன்னதுதான். பின்னால் ரோட்டவேட்டர் தொங்கும்போது முன்பக்கம் ஏற்கெனவே லேசாகியிருக்கும். முன்னால் எடைக்கட்டிகள் மாட்டிக்கொள்ளுங்கள். உயரமான வரப்பையும் வாய்க்கால் கரையையும் ரிவர்ஸில் ஏறுங்கள், அப்போது கனமான பகுதி மேட்டுப் பக்கம் இருக்கும். சாய்வாக ஏறாமல் நேராக ஏறுங்கள். அடிக்கடி போகிற இடத்தில் வரப்பை வெட்டிச் சரிவான பாதை போட்டுவிடுவதே நல்லது. ஒரு காலை வேலைதான்.

"நெல் மூட்டை ஏத்திக்கிட்டு புதுவயல் மில்லுக்குப் போகலாமா?"

போகலாம். அறுபது கிலோ மூட்டை இருபது ஏற்றினால் 1,200 கிலோ. டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்தால் வண்டியைப் போல இரண்டு மடங்கு வந்துவிடும். இழுப்பதை நினைத்து யாரும் பயப்படுவதில்லை, இழுத்துவிடும். நிறுத்துவதுதான் கஷ்டம். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது பின்னால் இருக்கும் சுமை முன்னால் தள்ளும். இறங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள், சரிவில் கிளட்சைத் தொடாதீர்கள். டிரெய்லருக்கும் பிரேக் இருக்கிற மாதிரி வாங்குங்கள். இரவில் போவதானால் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் வேண்டும்.

வண்டல் மண் எடுக்கவும் இதே டிரெய்லர் உதவும். கண்மாய் மண்ணுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டு எடுங்கள்.

"தென்னந்தோப்புல ஓட்டினா வேர் அறுபடாதா?"

ஆழமாகப் போட்டால் அறுபடும். தூரிலிருந்து ஆறடி விட்டு, மூன்று நாலு அங்குலத்துக்கு மேல் இறக்காமல் ஓட்டுங்கள். 25 அடி இடைவெளித் தோப்பில் நடுப்பட்டையை மட்டும் ஓட்டினாலே களை அடங்கும்.

"நான் பொம்பளை, தனியா ஓட்ட முடியுமா தம்பி?"

ஓட்ட முடியும் ஆச்சி. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாக எடுங்கள், இருக்கையை முன்னால் தள்ளி கிளட்ச் முழுதாக எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஓட்டுவதை விடக் கருவி மாட்டுவதுதான் கனமான வேலை. கருவியைச் சமதளத்தில், கட்டை வைத்து நிறுத்திப் பழகினால் அதுவும் எளிதாகும்.

உடை விஷயம் பெண்களுக்கு மட்டும் இல்லை. பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். சேலை முந்தானை, துப்பட்டா, கைலி, தோளில் போட்ட துண்டு எது பட்டாலும் ஆளையே இழுத்துக்கொள்ளும். தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது. சுற்றும்போது யாரும் பக்கத்தில் வரக் கூடாது, தாண்டவும் கூடாது.

"நான் சிங்கப்பூர்ல இருக்கேன். வாங்கி அயித்தான்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன், சரிவருமா?"

அயித்தான் தினமும் நிலத்துக்குப் போகிறவர் என்றால் சரிவரும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீடு திறக்கிற குடும்பம் என்றால் வேண்டாம். ஓடாத வண்டிதான் சீக்கிரம் கெடும். பேட்டரி இறங்கும், டீசல் தொட்டியில் தண்ணீர் கோக்கும், எலி வயரைக் கடிக்கும். பூட்டிய வீட்டின் பின்கட்டில் நிற்கும் வண்டிக்கு எலிதான் முதல் எதிரி. எப்படியும் நிறுத்தி வைக்க வேண்டும் என்றால் டீசலை நிரப்பி வையுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், வாரம் ஒருமுறை யாராவது அதை மாட்டி ஸ்டார்ட் செய்து தெருக்கோடி வரை ஓட்டி வரட்டும்.

"ரோட்டவேட்டர் போட்டுப் போட்டு அடிமண் இறுகிடுச்சுன்னு சொல்றாங்க. உண்மையா?"

உண்மைதான். ரோட்டவேட்டர் மேலே நாலைந்து அங்குலத்தைப் பொடியாக்கும். அதற்குக் கீழே, கத்தி தட்டித் தட்டி ஒரு தட்டு உருவாகும். மழைத் தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது, கடலையின் வேரும் இறங்காது. அதனால் ஒவ்வொரு உழவுக்கும் ரோட்டவேட்டரே போடாமல், ஒருமுறை கொத்துக் கலப்பை, விதைப்புக்கு முன் மட்டும் ரோட்டவேட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இறுகியதை உடைக்க உளிக் கலப்பை வேண்டும். அதை இழுக்க 24 எச்.பி. போதாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையே இ-வாடகை என்ற இணைய முன்பதிவு வழியாக வாடகைக்கு வண்டி விடுகிறது. நம் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் செட்டிநாடு மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்கலாம். பக்கத்தில் இப்படி இரண்டு இடம் இருப்பது பெரிய வசதி, நம் ஆட்கள் போதுமான அளவு போவதில்லை என்பது என் வருத்தம்.

"எல்லாம் சரி, கணக்குப் பார்த்தா கட்டுப்படியாகுமா?"

கணக்கை அப்படியே வைக்கிறேன். வண்டியும் ரோட்டவேட்டரும் சேர்ந்து 7 லட்சம், பத்து வருஷம் கழித்து 2 லட்சத்துக்கு விற்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 50,000 தேய்மானம். சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர் என்று 15,000. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால் மணிக்கு சுமார் 280. வருஷத்தில் 100 மணி நேரம் ஓடினால் மணிக்கு 930 ரூபாய். 250 மணி நேரம் ஓடினால் 540. ஓட்டுநர் கூலியும் கடன் வட்டியும் இதில் சேரவில்லை. வாடகையோடு ஒப்பிடும்போது மணிக்கு மணி பார்க்காதீர்கள், ஏக்கருக்கு ஏக்கர் பாருங்கள். பெரிய வண்டி ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்கு மேல் முடிக்கும், நம்முடையதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். வருஷத்தில் நாலு உழவு என்று வைத்தால் 100 மணி நேரம் ஓட்டுவதற்கே 15 ஏக்கர் வேண்டும். மூன்று நாலு ஏக்கர்காரர் தனியாக வாங்கினால் வெறும் ரூபாய்க் கணக்கில் கையைக் கடிக்கும்.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, பங்காளிகளோ பக்கத்து வயல்காரர்களோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில், டீசல் யார் போடுவது, பழுது வந்தால் எப்படிப் பிரிப்பது, மழை பெய்த மறுநாள் முதல் உழவு யாருக்கு, எல்லாவற்றையும் வண்டி வருவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். முதல் உழவை வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். மணி மீட்டரில் எடுக்கும்போது எவ்வளவு, விடும்போது எவ்வளவு என்று ஒரு நோட்டு வண்டியிலேயே இருக்கட்டும், எடுக்கிறவரே எழுதட்டும்.